கீழே எந்தக் கம்பி ஓடினாலும்

கணினி வலையமைப்பின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று தேதிகளில் முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் டிசிபி/ஐபி பிறந்தது. 1983 ஜனவரி 1 அன்று அந்நாட்டின் ஆர்ப்பாநெட் வலையமைப்பு முழுவதும் அதற்கு மாறியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் நம் பொதுமக்களுக்கு இணையம் வந்தது. மூன்றும் சரியான தகவல்கள்தான். ஆனால் முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் நடுவே கிடக்கும் பன்னிரண்டு ஆண்டுகளும், அதையொட்டி வந்த பத்து ஆண்டுகளும் அந்தக் கணக்கில் சேரவில்லை. நான் தொழில் கற்றது அந்த ஆண்டுகளில்தான். அப்போது ஒரே கேபிளுக்குள் மூன்று நான்கு நெறிமுறைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. மேலே ஓடும் வேலை நிற்காமல், கீழே இருக்கும் வழியை மட்டும் மாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பின் வரலாற்றை யாரும் எழுதவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். விருத்தாசலத்துக்குக் கிழக்கே, நெய்வேலிச் சுரங்கங்களுக்குப் பக்கம். அப்பா விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் பிளாஸ்டர் அச்சு செய்தவர். பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃப்யூஸ் கட்டை என்று எது கேட்டாலும் அச்சு எடுப்பார். நான் பாலிடெக்னிக் முடித்து 1990-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், அலுவலகங்களுக்குக் கேபிள் இழுத்து, சர்வர் நிறுவும் வேலையில் சேர்ந்தேன். இந்தக் கட்டுரையில் கணினிப் படிப்பு அதிகம் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பயணச்சீட்டு பதிவு, கடிதம் அனுப்புதல், கணக்கு எழுதுதல் ஆகியவை மேலே ஓடும் வேலைகள். அந்த வேலை அனுப்பும் எழுத்துகளை வரிசை குலையாமல், தொலைந்ததைத் திரும்ப அனுப்பி, மறுமுனையில் ஒப்படைப்பது கீழே இருக்கும் போக்குவரத்து நெறிமுறை. டிசிபி அவற்றில் ஒன்று. அதற்குப் போட்டியாகப் பல இருந்தன.

மேலே வேலை மாறாமல் கீழே வழி மட்டும் மாறுவதைக் கணினிக்கு முன்பே நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம் – திருச்சி கார்டு லைனும் கடலூர் – சேலம் பாதையும் விருத்தாசலம் சந்திப்பில் கூடுகின்றன. முன்பதிவுக்குக் கணினி வராத காலத்தில், வேறு ஊரிலிருந்து திரும்பி வரும் பயணத்துக்கு இங்கிருந்தபடியே படுக்கை கேட்க வேண்டுமானால் தந்திதான் வழி. கோரிக்கை தந்தியில் போகும், பதிலும் தந்தியில் வரும். அந்தத் தந்தி வழியில் எத்தனை உருவம் எடுத்தது என்று பயணிக்குத் தெரியாது. ஓரிடத்தில் மோர்ஸ் சாவி, இன்னோரிடத்தில் டெலிபிரிண்டர், கிளைத் தபால் நிலையத்துக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டல், கம்மாபுரம் போன்ற ஊருக்குக் கடைசி தூரம் சைக்கிள். தந்திப் படிவத்தில் பெறுபவர், முகவரி, செய்தி, அனுப்புபவர் என்ற அமைப்பு மட்டும் மாறவே இல்லை. 2010-க்குப் பிறகு பிஎஸ்என்எல் அதை இணையவழிக் கணினி அமைப்புக்கு மாற்றியபோதும் படிவம் அதேதான். 2013 ஜூலையில் சேவையை நிறுத்தியபோது நின்றது அந்தப் படிவம். அதைச் சுமந்த வழிகளில் பல அதற்கு வெகு முன்பே மாறிவிட்டிருந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, போன அலுவலகங்களில் பெரும்பாலும் நாவல் நிறுவனத்தின் நெட்வேர்தான் இருந்தது. மெல்லிய கோஆக்ஸ் கேபிள், ஒவ்வொரு கணினியின் முதுகிலும் டி வடிவ பிஎன்சி இணைப்பு, இரு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர். நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்தால் மொத்த வரிசையும் படுத்துவிடும். 185 மீட்டருக்கு மேல் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. அந்தக் கேபிளில் ஓடியது டிசிபி இல்லை. நாவலின் சொந்த நெறிமுறைகளான ஐபிஎக்ஸ், எஸ்பிஎக்ஸ். கணினியை எழுப்பும்போது நான்கு சிறு நிரல்களை வரிசை தப்பாமல் ஏற்ற வேண்டும். முதலில் எல்எஸ்எல், பிறகு நெட்வொர்க் அட்டைக்கான டிரைவர், அதன்மேல் ஐபிஎக்ஸ்ஓடிஐ, கடைசியில் நெட்எக்ஸ். அதன்பின் திரையில் எஃப் டிரைவ் தோன்றும். உள்ளே நுழைந்துவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த நான்கில் எல்எஸ்எல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன் பெரும்பாலும் ஒரு அட்டைக்கு ஒரு நெறிமுறைதான். அட்டையை ஐபிஎக்ஸ் பிடித்துக்கொண்டால் டிசிபிக்கு இடமில்லை. நாவலும் ஆப்பிளும் சேர்ந்து உருவாக்கிய ஓடிஐ என்ற ஏற்பாடு இதை உடைத்தது. அதில் எல்எஸ்எல் வாசலில் நின்று, வரும் பொட்டலத்தின் தலைப்பைப் பார்த்து இது ஐபிஎக்ஸுக்கு, இது டிசிபிக்கு என்று பிரித்துக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட்டும் 3காமும் இதே வேலைக்கு என்டிஐஎஸ் என்று தனியாக ஒன்று செய்தன. ஒரே கேபிளில், ஒரே அட்டையில், ஒரே கணினியில் இரண்டு உலகங்கள் வாழ முடிந்தது இப்படிப்பட்ட ஏற்பாடுகளால்தான். இந்தத் துறையின் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் இதை வைப்பேன். டிசிபி வென்றது என்று சொல்கிற புத்தகங்கள், அது வெல்லும்வரை உள்ளே நுழைய வாசல் திறந்துவிட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை.

இரண்டு உலகம் சேர்ந்து வாழ்வது எளிதாகவும் இருக்கவில்லை. நெட்வேர் 3.11 ஈத்தர்நெட் பொட்டலத்தை 802.3 என்ற சட்டகத்தில் கட்டி அனுப்பும். அடுத்து வந்த 3.12, வழக்கமாக 802.2 சட்டகத்தில் அனுப்பும். டிசிபி/ஐபி கேட்பதோ ஈத்தர்நெட்-2 என்ற மூன்றாவது சட்டகம். ஒரே கேபிள், ஒரே மின்துடிப்பு, ஒரே ஐபிஎக்ஸ்; ஆனாலும் புது சர்வரும் பழைய கணினியும் ஒன்றை ஒன்று பார்க்காது. கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், அட்டையைக் கழற்றி மாட்டுவார்கள். கடைசியில் நெட்.சிஎஃப்ஜி என்ற சிறு கோப்பில் சட்டகத்தின் பெயரை ஒரு வரி சேர்த்தால் எல்லாம் சரியாகும். அந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்திருந்தவர்களை அந்தக் காலத்து அலுவலகங்கள் டாக்டரைப் போல மரியாதையாக நடத்தின.

1990-களின் பிற்பகுதியில், கடலூரில் ஒரு நிதி நிறுவனத்தில் கண்ட காட்சி இந்தப் பொருளில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். அங்கே இரண்டு நிரல்கள் ஓடின. ஒன்று ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு. மற்றது பிட்ரீவ் என்ற தரவுக் களஞ்சியத்தை நம்பி எழுதிய வாடிக்கையாளர் பதிவேடு. நிறுவனம் விண்டோஸ் என்டி சர்வருக்கும் டிசிபி/ஐபிக்கும் மாற முடிவு செய்தது. கணக்கு நிரலுக்குத் தெரிந்ததெல்லாம் எஃப் டிரைவ் மட்டும். அந்த எழுத்துக்குப் பின்னால் நெட்வேர் இருக்கிறதா, என்டி இருக்கிறதா, பொட்டலம் ஐபிஎக்ஸில் போகிறதா டிசிபியில் போகிறதா என்று அது கேட்டதே இல்லை. புது சர்வரில் அதே எழுத்தைக் கொடுத்தோம். ஒரு வரியும் மாற்றாமல் ஓடியது. பதிவேட்டு நிரல் அப்படி வரவில்லை. அது பயன்படுத்திய பிட்ரீவ் கோரிக்கையாளர் நேராக எஸ்பிஎக்ஸைக் கூப்பிட்டுப் பேசுவது. எஸ்பிஎக்ஸ் இல்லாத இடத்தில் அதற்கு வாய் இல்லை. பழைய நெட்வேர் சர்வரை அந்த ஒரு நிரலுக்காகவே ஓரத்தில் ஓடவிட்டு, எல்லாக் கணினிகளிலும் இரண்டு நெறிமுறைகளையும் ஏற்றிவைத்தோம்.

ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அந்த மண்ணுக்குச் செஞ்ச அச்சு இந்த மண்ணுக்கு ஆகாதுடா தம்பி" என்றார். காய்ந்து சூளையில் வெந்து வரும்போது ஒவ்வொரு களிமண்ணும் ஒவ்வொரு அளவு சுருங்கும். ஒரு மண்ணின் சுருக்கத்தைக் கணக்கிட்டுச் செய்த மூடி, வேறு மண்ணில் வார்த்தால் ஜாடியில் உட்காராது. பதிவேட்டு நிரலை எழுதியவர் எஸ்பிஎக்ஸ் என்ற ஒரே மண்ணுக்கு அச்சு செய்திருந்தார்.

நாங்கள் அலுவலகத்தில் சிறு அளவில் பட்டதை, நாட்டளவில் முன்பே பட்டவர்கள் இருந்தார்கள். எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பை மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் 1986-இல் தொடங்கியது. எட்டு நிறுவனங்கள் அதில் இருந்தன: மும்பையின் என்சிஎஸ்டி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐஐடிகள், டெல்லியில் துறையின் அலுவலகம். என்சிஎஸ்டியில் இதற்குத் தோள் கொடுத்தவர் சீனிவாசன் ரமணி. 2014-இல் இணையப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. முதலில் குத்தகைக் கம்பியே கிடையாது. மோடம் வைத்து, எஸ்டிடி போட்டு, யுயுசிபி என்ற முறையில் ஒரு கணினி இன்னொன்றைக் கூப்பிட்டு, சேர்ந்து கிடக்கும் கடிதங்களை மொத்தமாக மாற்றிக்கொள்ளும். 1991-இல் டெல்லிக்கும் மும்பைக்கும் நடுவே முதல் குத்தகைக் கம்பி வந்தது. வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அடுத்த ஆண்டுக்குள் எட்டு நிறுவனங்களும் இப்படி இணைந்தன. அதே 1992-இல் மும்பையிலிருந்து அமெரிக்காவின் யுயுநெட்டுக்கு 64 கிலோபிட் வாசல் திறந்தது. இன்று கையில் இருக்கும் ஃபோனின் வேகத்தோடு ஒப்பிட்டால், அன்று நாட்டின் ஆராய்ச்சி உலகம் முழுவதும் கடல்கடந்து போய் வந்த வாசல் எவ்வளவு ஒடுங்கியது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த எர்நெட் தொடங்கும்போது பல நெறிமுறை வலையமைப்பாகத்தான் தொடங்கியது. குத்தகைக் கம்பிகளில் டிசிபி/ஐபியும் ஓடியது, ஓஎஸ்ஐயும் ஓடியது. ஓஎஸ்ஐ என்பது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த ஏழடுக்கு முறை. அதுதான் எதிர்காலம் என்று அப்போது உலகமே நம்பியது. அமெரிக்க அரசே 1990-இலிருந்து தன் துறைகள் ஓஎஸ்ஐ வாங்க வேண்டும் என்று விதி போட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் நம் அரசு ஒன்றை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொள்ளாமல் இரண்டையும் ஓடவிட்டது சரியான முடிவு என்பதே என் தீர்ப்பு. வறிய நாடு இரட்டைச் செலவு செய்தது என்று குறை சொல்பவர்கள் உண்டு. தவறான பக்கம் முழுமையாகச் சாய்ந்திருந்தால் ஆகியிருக்கும் செலவை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 1995 வாக்கில் எர்நெட்டில் கிட்டத்தட்ட எல்லாப் போக்குவரத்தும் டிசிபி/ஐபிக்கு வந்துவிட்டது. வந்தபோது எவருடைய கடிதமும் நிற்கவில்லை.

கடிதம் ஏன் நிற்கவில்லை? ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் இதற்கு விடை இருக்கிறது. மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் எஸ்எம்டிபி முறையை வகுக்கும் ஆவணம் அது. கீழே எந்தப் போக்குவரத்து முறை இருந்தாலும் சரி, எழுத்துகளை வரிசையாக நம்பகமாகக் கொண்டுபோனால் போதும் என்று போஸ்டல் அதில் முதலிலேயே நிறுவிவிடுகிறார். பின்னிணைப்பில் நான்கு வழிகளைத் தனித்தனியே விவரிக்கிறார்: டிசிபி, ஆர்ப்பாநெட்டின் பழைய என்சிபி, பிரிட்டிஷ்காரர்கள் வகுத்த என்ஐடிஎஸ், தொலைத்தொடர்புத் துறைகளின் எக்ஸ்.25. இந்த நான்கில் மூன்று இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. எஸ்எம்டிபி இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உங்கள் அஞ்சல் அதில்தான் போகிறது. நெறிமுறை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அந்தப் பின்னிணைப்புகள்தான். தான் எழுதும் நேரத்தில் தனக்கு மிக நெருக்கமாக இருந்த டிசிபியையே நான்கில் ஒன்றாக வைக்கும் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது. டிசிபி ஆவணத்தையும் தொகுத்தவர் அதே போஸ்டல்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பாலமும் வந்தது. 1987 மே மாதம் மார்ஷல் ரோஸும் டுவைட் காஸும் ஆர்எஃப்சி 1006 எழுதினார்கள். ஓஎஸ்ஐக்காக எழுதிய நிரல்களை டிசிபியின் மேல் ஓட்டும் வழி அது. டிசிபியின் 102-ஆம் வாசலில் ஒரு மெல்லிய பூச்சு பூசி, மேலே இருக்கும் நிரலுக்குத் தன் கீழே ஓஎஸ்ஐ போக்குவரத்து அடுக்கு இருப்பதாகவே தோன்றும்படி செய்தார்கள். ஓஎஸ்ஐ வந்து சேரும்வரை தற்காலிகமாக என்பது அன்றைய எண்ணம். ஓஎஸ்ஐ வரவில்லை, பூச்சு மட்டும் நிலைத்தது. சீமென்ஸின் எஸ்7 வகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இன்றும் அதே 102-ஆம் வாசலில் அதே முறையில் பேசுகின்றன. அந்த வகைக் கருவி வைத்து இயந்திரம் ஓட்டும் ஆலைகள் பலவற்றில், 1987-இன் அந்தப் பாலத்தின் மேல்தான் கட்டளைகள் போகின்றன.

அதே 1987 மார்ச்சில் ஐபிஎம் கணினிகளுக்காகப் பிறந்த நெட்பயாஸை டிசிபியின் மேலும், அதன் எளிய துணை நெறிமுறையான யுடிபியின் மேலும் ஓட்டும் முறையும் ஆர்எஃப்சி 1001, 1002 என்று வெளியானது. விண்டோஸ் 95 வந்தபின் ஒரே பிரின்டரைப் பகிரும் வேலை நெட்பியுஐ, ஐபிஎக்ஸ், டிசிபி மூன்றில் எதன் மேலும் ஓடியது. அலுவலகப் பெண்கள் 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' படத்தைத் தட்டினால் பக்கத்து மேசைக் கணினி தெரியும். எது சுமந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போனதுதான் வெற்றி. நாவலும் 1998-இல் நெட்வேர் 5 மூலம் ஐபிஎக்ஸ் இல்லாமலே ஐபியில் ஓட வழி செய்தது.

விஎஸ்என்எல் காலத்தில் நடந்த ஒன்று இன்றைய பிள்ளைகளுக்கு நம்ப முடியாததாக இருக்கும். மாணவர்களுக்குக் கிடைத்தது ஷெல் கணக்கு. மோடத்தில் கூப்பிட்டால் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வரும். லின்க்ஸ் என்ற எழுத்து உலவியில் பக்கங்களைப் படிக்கலாம், படம் கிடையாது. அதற்கு டிசிபி/ஐபி கணக்கு வேண்டும், அது விலை அதிகம். ஆஸ்திரேலியாவின் டேனி காஸ்பரோவ்ஸ்கி ஸ்லிர்ப் என்ற நிரலை எழுதியிருந்தார். அதை ஷெல் கணக்குக்குள் சாதாரண நிரலாக ஓட்டினால், வீட்டுக் கணினி மோடம் வழியே அனுப்பும் ஐபி பொட்டலங்களை அது வாங்கிப் பிரித்து, தன் பெயரில் வெளியே இணைப்புகளைத் திறந்து, பதிலை மறுபடி பொட்டலமாக்கித் திருப்பி அனுப்பும். வீட்டில் இருக்கும் உலவிக்கு முழு இணையமும் இருப்பதாகத் தெரியும். அடியில் ஓடுவது வெறும் எழுத்து இணைப்பு. சென்னையில் நண்பர் ஒருவர் அறையில் இதை ஓட்டி ஒரு படம் வரி வரியாக இறங்கியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. ஸ்லிர்ப் சாகவில்லை. க்யுஎம்யு போன்ற மெய்நிகர் கணினி நிரல்களின் வயிற்றில் அதன் வழித்தோன்றல் இப்போதும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

விருத்தாசலம் சந்திப்புக்குத் திரும்புவோம். முன்பதிவைக் கணினியாக்கியபோது டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்ற ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாக இருந்தன. ரயில்வேயின் கிரிஸ் அமைப்பு உருவாக்கிய கான்செர்ட் மென்பொருள் 1999-இல் ஐந்தையும் சேர்த்தது. அதன்பிறகுதான் எந்தக் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ஊர் ரயிலுக்கும் சீட்டு என்பது கைகூடியது. கான்செர்ட் ஓடியது டிஜிட்டல் என்ற கணினி நிறுவனத்தின் ஓபன்விஎம்எஸ் கணினிகளில். மையங்களுக்கிடையே பரிவர்த்தனையைக் கொண்டுபோக அது நம்பியது ஆர்டிஆர் என்ற நடுநிலை மென்பொருளை. அந்த ஆர்டிஆர், டிஜிட்டலின் சொந்த டெக்நெட்டின் மேலும் ஓடும், டிசிபி/ஐபியின் மேலும் ஓடும். சீட்டு போடும் நிரல் 'பரிவர்த்தனையைத் தொடங்கு, அனுப்பு, உறுதி செய்' என்று மட்டும் சொல்லும். எந்த வழி என்பது ஆர்டிஆரின் பொறுப்பு. பாதியில் கம்பி அறுந்தால் ஒரே படுக்கை இருவருக்குப் போகாமல் பார்ப்பதும் அதன் பொறுப்பு. தந்தியில் படுக்கை கேட்ட காலத்துக்கும் இதற்கும் நடுவே ஒரே தலைமுறைதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்தவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது புதுச்சேரி வில்லியனூர் முயற்சியை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி உதவியுடன் 1998-இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம். அங்கே தொலைபேசியும் டயல்-அப் இணையமும் இருந்தன. சுற்றியிருந்த கிராமங்களுக்கெல்லாம் நம்பத் தகுந்த தொலைபேசிக் கம்பி இல்லை. ஆகவே விஎச்எஃப் வானொலிக் கருவிகளை வைத்துக் குரலையும் தரவையும் அனுப்பினார்கள். மின்சாரம் நிற்கும் இடத்தில் சூரியத் தகடு. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்தில் இருந்தது, பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற ஒன்றுதான். அமெரிக்கக் கடற்படை வெளியிடும் வங்கக் கடல் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இணையத்தில் இறக்கி, தமிழாக்கி, கிராமத்துக்கு அனுப்பி, அங்கே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். டிசிபியில் வந்த செய்தி வானொலி அலையில் ஏறி, கடைசியில் காற்றில் குரலாகக் கரையில் போய் இறங்கியது. கட்டுமரம் தள்ளுகிறவர் கேட்பது அலை எத்தனை மீட்டர் என்ற சேதியை மட்டும். 2001-இல் இந்த முயற்சிக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு மீனவக் கிராமத்தில் இதே ஒலிபெருக்கி வேறு செய்தியைச் சொன்னது. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. ஊர் மக்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினார்கள். சேதிக்கு எந்த வழி திறந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அந்த மையத்தை அமைத்திருந்தார்கள்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது கோடிக்கணக்கான கைப்பேசிகள் ஐபி பதிப்பு 6-இல் இணைந்தன. இது போக்குவரத்து அடுக்குக்கும் ஒரு படி கீழே நடந்த மாற்றம். ஆனால் பாடம் ஒன்றே. தளத்தின் பெயரைக் கொடுத்து முகவரியைக் கேட்டு வாங்கிய செயலிகள் எந்தச் சிரமமும் படவில்லை. பதிப்பு 4 முகவரியை எண்களாக உள்ளேயே எழுதிவைத்த செயலிகளுக்குத் தனியாக மொழிபெயர்ப்பு ஏற்பாடு தேவைப்பட்டது. ஆப்பிள் அதே ஆண்டு ஜூன் முதல், பதிப்பு 6 மட்டும் உள்ள வலையமைப்பில் ஓடாத செயலியைத் தன் கடையில் ஏற்பதில்லை என்று அறிவித்தது.

டிசிபிக்கும் இப்போது மாற்று வந்துவிட்டது. 2000-இல் வந்த எஸ்சிடிபி, 2006-இல் வந்த டிசிசிபி ஆகியவை நல்ல வடிவமைப்புகள். வீட்டு ரவுட்டர்களும் அலுவலகத் தீச்சுவர்களும் டிசிபி, யுடிபி இரண்டை மட்டும் உள்ளே விட்டதால் அவை பொதுமக்களின் வழிகளில் பரவவே இல்லை. இதைப் பார்த்த கூகுள் பொறியாளர்கள் 2012-இல் க்விக் என்பதை யுடிபியின் மேலேயே கட்டினார்கள்; 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 என்று அது தரமானது. கம்மாபுரத்தில் ஒருவர் யூடியூப் திறந்தால் உலவி க்விக்கைப் பயன்படுத்த முயலும், வழி அடைத்திருந்தால் சத்தமில்லாமல் டிசிபிக்குத் திரும்பும். 2025-இல் வெளியான ஆர்எஃப்சி 9622, செயலி தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி, எந்த நெறிமுறை என்பதைக் கீழே இருக்கும் அமைப்பே தேர்ந்தெடுக்கும் இடைமுகத்தை வகுக்கிறது. போஸ்டலின் பின்னிணைப்பும் கான்செர்ட்டின் ஆர்டிஆரும் செய்ததை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாக்கும் முயற்சி இது. இது பரவ வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இந்த வரலாற்றில் ஆர்எஃப்சிகளுக்குத் தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் இருந்த தேசியத் தகவலியல் மையக் (என்ஐசி) கிளைகளிலும், ரயில்வே தந்திப் பிரிவுகளிலும், கூட்டுறவு வங்கிகளிலும், தொலைபேசி நிலையங்களிலும் இரண்டு நெறிமுறைகளைச் சேர்த்து ஓட்டியவர்களின் வேலைக்கு எந்தப் பதிவும் இல்லை. அவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் மறைந்துவிட்டார்கள். இதைப் படிக்கும் உங்களில் அந்த வேலை பார்த்தவர் இருந்தால், எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த இயந்திரம், எந்தக் கம்பி, என்ன நிரல் என்று தமிழில் எழுதிவையுங்கள். வீட்டுப் பரணில் பழைய நெட்வேர் கையேடோ, கேபிள் வரைபடமோ, அமைவுக் கோப்பு அச்சிட்ட தாளோ கிடந்தால் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து, உங்கள் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.